பழைய வண்டியும் மாற்று எஞ்சினும்

மோட்டார் வண்டி ஒவ்வொன்றின் பதிவுச் சான்றிலும் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஷாசி எண். அஃதாவது, வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டப்பட்ட எண். மற்றொன்று எஞ்சின் எண். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய ஜீப்புகள், சிறு லாரிகள், பிக்கப் வண்டிகள் ஆகியவற்றின் பழைய பதிவுப் புத்தகங்களைப் புரட்டினால், ஷாசி எண் முதலில் எழுதியபடியே இருக்க, எஞ்சின் எண் மட்டும் அடிக்கப்பட்டு, வேறோர் எண் எழுதப்பட்டு, பக்கத்தில் அதிகாரியின் முத்திரை விழுந்திருப்பதைக் காணலாம். சிலவற்றில் ‘பெட்ரோல்’ என்ற சொல்லும் அடிக்கப்பட்டு ‘டீசல்’ என்று திருத்தப்பட்டிருக்கும். பழைய வண்டிக்குள் வேறொரு வண்டியில் உழைத்த எஞ்சினை இறக்கிப் பூட்டும் இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எதனால் இத்தனை காலம் நிலைத்தது, ஏன் இப்போது மறைந்து வருகிறது என்பவற்றை இங்கு நாம் ஆராய்வோம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. அடிச்சட்டம் கெட்டியான எஃகு. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். எஞ்சினோ ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் தேய்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் உராய்வதால் சிலிண்டரின் உட்சுவர் அகன்று போகிறது. அதைக் கடைந்து சீராக்கி, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடலாம். இதற்கு ‘ரீபோர்’ என்று பெயர். ஆனால் இவ்வாறு கடைவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் சுவர் மெலிந்து, எஞ்சின் பயனற்றுப் போகும். அப்போது வண்டி உரிமையாளர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன: புது வண்டி வாங்கலாம், புது எஞ்சின் வாங்கிப் போடலாம், அல்லது வேறு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினைத் தேடிப் பூட்டலாம். செல்வம் மிகுந்த நாடுகளில் முதலிரண்டு வழிகளும் எளிதாகக் கிடைத்தன. நம் நாட்டில் பல்லாண்டுகள் மூன்றாம் வழியே பலருக்குத் திறந்திருந்தது.

இவ்வழி பெருமளவில் திறந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. போரின்போது அஸ்ஸாம், பர்மா முனைகளுக்காக அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளின் வண்டிகள் ஆயிரக்கணக்கில் இந்தியாவில் இறக்கப்பட்டன. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்த ஜீப்புகளும், முக்கால் டன் பாரம் ஏற்றும் டாட்ஜ் வண்டிகளும், ஷெவர்லே லாரிகளும் அவற்றுள் அடங்கும். 1945இல் போர் முடிந்ததும் இவற்றில் பெரும்பகுதி திரும்பக் கப்பலேறவில்லை. அவை ‘டிஸ்போசல்’ சரக்கு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. வங்காளத்தில் அமெரிக்கப் படையின் கிடங்கு இருந்த பானாகர், பழைய ராணுவ வண்டிகளுக்குப் பெயர் பெற்ற சந்தையாயிற்று. அங்கிருந்தும் அதுபோன்ற பிற இடங்களிலிருந்தும் ஜீப்புகள் தேயிலைத் தோட்டங்களுக்கும், காட்டிலாகாவுக்கும், மலைப்பாதைகளுக்கும் சென்றன. ஓடக்கூடிய வண்டிகளோடு ஓடாத வண்டிகளும் வாங்கப்பட்டன. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை ஓட்டுவதற்கு அவை பயன்பட்டன. மாற்று எஞ்சின் வாணிகத்தின் முதல் முதலீடு இந்தப் போர்ச் சரக்கேயாகும்.

சுதந்திரத்துக்குப் பிறகு தேவை மேலும் பெருகியது. உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பது மட்டும் போதாது, நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டமுள்ளவர்களே மோட்டார்த் தொழிலில் இருக்கலாம் என்று 1953இல் சுங்கவரி ஆணைக்குழு பரிந்துரைத்தது. அரசாங்கமும் அதை ஏற்றது. அதன் விளைவாக ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய பெரிய அமெரிக்க நிறுவனங்கள் தம் பூட்டுசாலைகளை மூடிச் சென்றன. சுதேசித் தொழில் வேரூன்றுவதற்கு இம்முடிவு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஷெவர்லே, ஃபோர்டு லாரிகளின் நிலை என்ன? அவற்றுக்குரிய எஞ்சின் உறுப்புகள் அருகி, விலையேறின. 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது இறக்குமதி லைசென்ஸ் பெறுவது மேலும் கடினமாயிற்று. புது வண்டிக்கோ பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அடிச்சட்டம் நன்றாயிருந்த லாரியை விட்டுவிடாமல், அதற்கு வேறோர் உயிர் கொடுக்க உரிமையாளர்கள் வழி தேடினார்கள்.

அந்த உயிர் பெரும்பாலும் டீசல் எஞ்சினாக வந்தது. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் என்பவர் 1932இல் தொடங்கிய நிறுவனம், பெட்ரோல் லாரிகளில் எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் பொருத்தக்கூடிய, வேகமாகச் சுழலும் டீசல் எஞ்சின்களைச் செய்தது. 1937இல் வெளிவந்த அதன் ‘பி-6’ எஞ்சின் ஆறு சிலிண்டரும் 4.7 லிட்டர் கொள்ளளவும் உடையது. இதனைச் சென்னை சிம்ப்ஸன் நிறுவனம் 1950-களில் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கிற்று. 1840இல் குதிரைவண்டிக் கம்பெனியாகப் பிறந்த சிம்ப்ஸன், இவ்வாறு இந்திய லாரிகளின் எஞ்சின் மாற்றத்தில் பெரும் பங்கு கொண்டது. 1954இல் டாட்டா நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவோடு ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரிகளைச் செய்யத் தொடங்கியதும், டீசலை நன்கறிந்த மெக்கானிக்குகள் நாடெங்கும் உருவாகினர்.

ஆனால் பி-6 போன்ற எஞ்சின் மூன்று டன் லாரிக்குப் பொருந்துமே ஒழிய, ஜீப்புக்கும் சிறு பிக்கப்புக்கும் பொருந்தாது. அது கனமும் நீளமும் மிகுந்தது. சிறு வண்டிகளுக்கு விடை வயலிலிருந்து வந்தது. மஹிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் ஆகிய மூன்றும் கூடி 1963இல் டிராக்டர் நிறுவனமொன்றை அமைத்தன. அதன் பி-275 என்ற டிராக்டரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏறக்குறைய 2.35 லிட்டர் கொள்ளளவுடையது. ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினோ 2.2 லிட்டர். அளவில் இவை அண்ணன் தம்பியைப் போன்றவை. பின்னாளில் மஹிந்திரா நிறுவனமே அந்த டிராக்டர் எஞ்சினைத் தன் ஜீப்பில் பொருத்தி விற்றது. அதற்கடுத்துப் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ வடிவமைத்த 2.1 லிட்டர் டீசல் எஞ்சினையும் பொருத்தியது. இவ்வெஞ்சின்கள் பழைய வண்டிகளிலிருந்து கழன்று சந்தைக்கு வந்தபோது, அவற்றைவிட முதிர்ந்த பெட்ரோல் ஜீப்புகள் அவற்றை வரவேற்கக் காத்திருந்தன.

காத்திருக்கக் காரணமும் இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இந்தியாவில் பெட்ரோல் விலை பெரிதும் உயர்த்தப்பட்டது. ஆனால் டீசல் உழவுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் வேண்டிய எண்ணெய் என்பதால் அதன் விலையை அரசாங்கம் தாழ்த்தியே வைத்தது. இந்த விலை வேற்றுமை, ஏறியும் இறங்கியும், 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை நீடித்தது. மலைக்கிராமத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் ஒருவர் தம் பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினைப் பூட்டிக்கொண்டால், இருவகையில் லாபம் கண்டார்: ஒரு லிட்டருக்குக் கொடுக்கும் பணம் குறைந்தது, அந்த ஒரு லிட்டரில் வண்டி ஓடும் தூரமோ கூடிற்று. எஞ்சினுக்கும் பட்டறைக் கூலிக்கும் செலவிட்ட தொகை எண்ணெய்ச் செலவிலேயே திரும்பி வந்துவிடும்.

பழைய எஞ்சின் எங்கே கிடைத்தது? டெல்லியில் மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை என்று பெருநகர் ஒவ்வொன்றிலும் இதற்கெனத் தெருக்கள் தோன்றின. நாம் காயலான் கடை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை பரிசோதனைச் சாலைகளும் ஆகும். அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர் அங்கே எஞ்சினை ஓட்டச் சொல்லிப் புகையைப் பார்ப்பார். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்பதும், கரும்புகை வந்தால் டீசல் முற்றும் எரியவில்லை என்பதும் அவர் அறிவார். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அங்கே காற்று விசையோடு வெளிவருகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பார். வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று நோக்குவார். தேய்மானத்தின் ஓசையை மறைப்பதற்காகக் கெட்டியான எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறவார்.

வாங்கிவந்த எஞ்சினைப் பொருத்துவது அதனினும் நுட்பமான வேலை. பெட்ரோல் எஞ்சினைச் சங்கிலிக் கப்பியால் தூக்கியெடுத்த பின்னர், புதிய எஞ்சினின் பின்முகமும் பழைய கியர் பாக்ஸின் முன்முகமும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. போல்ட்டுத் துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஆகவே கனத்த இரும்புத் தகடொன்றைக் கடைந்து இடையே வைக்க வேண்டும். எஞ்சினின் சுழல்தண்டும் கியர் பாக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். தலைமயிரளவு விலகினாலும் பேரிங் தேயும், கிளட்ச் அதிரும், சில மாதங்களில் கியர் பாக்ஸே கெடும். லேத்தில் வேலை செய்பவர் கையும் கண்ணும் இங்கேதான் சோதிக்கப்படுகின்றன.

இத்துடன் வேலை முடிவதில்லை. டீசல் எஞ்சின் கனமானது; ஆகவே முன்பக்க வில்லில் ஒரு பட்டை கூட்ட வேண்டும். அதன் அதிர்வு மிகுதி. ஆகவே தாங்கிகளுக்குத் தக்க ரப்பர் வைக்க வேண்டும். அழுத்தத்தால் மட்டுமே எரிபொருளைப் பற்றவைக்கும் எஞ்சினைச் சுழற்ற வலுவான ஸ்டார்ட்டர் தேவை. போர்க்கால ஜீப்பின் 6 வோல்ட் பாட்டரி அதற்குப் போதாது. எனவே 12 வோல்ட்டுக்கு மாற்றி, விளக்குகளையும் மாற்ற வேண்டும். செலுத்தப்பட்ட டீசலில் எஞ்சியது தொட்டிக்குத் திரும்புவதற்கு இன்னொரு குழாய் வேண்டும்.

இன்னொரு சிக்கலைக் கணக்கிட்டே விளக்கலாம். போர்க்கால ஜீப்பில் கடைசிக் கியரில் எஞ்சின் 4.88 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்றுவரை போகக்கூடியது. டிராக்டரில் உழைக்கும் எஞ்சினோ 2000 சுற்றை ஒட்டியே நிற்பது. அந்த 2000 சுற்றில் ஜீப் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகமே செல்லும். ஆகவே எஞ்சினை மட்டும் மாற்றியவருக்கு, மேட்டில் நன்றாக இழுக்கும், ஆனால் சமவெளியில் பின்தங்கும் வண்டி கிடைத்தது. வேகம் வேண்டுமானால் பின் அச்சிலுள்ள பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். அல்லது எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அதன் ஆயுளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டியில் ஓர் உறுப்பை மாற்றுகிறவன் எல்லா உறுப்புகளோடும் பேச வேண்டியவனாகிறான். பாடசாலையில் பௌதிகம் படிக்காத பலர் பட்டறையில் இக்கணக்கைக் கற்றார்கள்.

ராணுவம் இவ்வழக்கத்துக்குத் தொடர்ந்து தீனியிட்டது. ஜப்பானிய நிஸ்ஸான் நிறுவனத்தின் அனுமதியோடு ஜபல்பூரில் ஒரு டன் வண்டியும், ‘ஜோங்கா’ என்று பெயர் பெற்ற ஜீப் வகையும் செய்யப்பட்டன. இரண்டிலும் இருந்தது ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். படைக்கு எண்ணெய்ச் செலவு பெரிதன்று, வலிமையே பெரிது. ஆனால் அவ்வண்டிகள் ஏலத்தில் குடிமக்கள் கைக்கு வந்ததும், அந்த எஞ்சினின் பசியைத் தீர்க்க யாராலும் முடியவில்லை. எனவே பஞ்சாபிலும் மலைநாடுகளிலும் அவற்றுள் பல டீசல் எஞ்சினைப் பெற்றே இரண்டாம் வாழ்வைத் தொடங்கின.

இவ்வரலாற்றின் மிக அழகிய சாட்சி டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய மானேபஞ்சாங் என்னும் சிற்றூரில் உள்ளது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த மலைப்பாதை செல்கிறது. 1950-களில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் லேண்ட் ரோவர் வண்டிகள் பல்லாண்டுகளாக இப்பாதையில் உணவுப் பொருள்களையும் பயணிகளையும் ஏற்றிச் சென்றன. 2018இல் லேண்ட் ரோவரின் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி அந்நிறுவனமே இவ்வண்டிகளைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியது. அலுமினிய உடலும் அடிச்சட்டமும் பழையவை. ஆனால் அவற்றுள் பலவற்றில் துடிப்பது இந்தியத் தயாரிப்பான டீசல் எஞ்சின். அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்திலிருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மெலிந்தது. எந்த எஞ்சினும் அங்கே தன் வலுவில் ஒரு பகுதியை இழக்கும். குறைந்த சுற்றிலேயே நன்கு இழுக்கும் டீசல் எஞ்சினும், அருகிலுள்ள சிலிகுரிக் கடையில் கிடைக்கும் உதிரிப் பாகமும் இருந்தமையாலேயே அவ்வண்டிகள் அங்கே நிலைத்தன. எஞ்சினை மாற்றியதால் வண்டியின் பழமை கெட்டது என்று சொல்வார் உண்டு. மாற்றாதிருந்தால் அவ்வண்டிகளே இருந்திரா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுவோம். எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே விதித்திருந்தது. எனினும் தெரிவிக்காதவர் பலர். எண் அழிக்கப்பட்ட எஞ்சின், திருடப்பட்ட வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் மீரத் நகரின் சோத்திகஞ்ச் சந்தை இவ்வகையில் கெட்ட பெயரெடுத்து, 2021 டிசம்பரில் போலீசாரால் மூடப்பட்டது. முப்பது ஆண்டு பழைய பிரேக்குகளை வைத்துக்கொண்டு கனத்த எஞ்சினைத் தாங்கிய வண்டி, இறக்கத்தில் ஆபத்தாகவும் முடிந்தது. எல்லாவற்றிலும் பெரிய குற்றம் புகையைப் பற்றியது. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் அறிவித்தது. உரிமையாளர் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியைத் தெருவில் நடந்தவரின் நுரையீரல் செலுத்தியது என்றே கொள்ள வேண்டும்.

சட்டமும் படிப்படியாக இறுகியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அனுமதி பெற்று மாற்றம் செய்வதற்கு முதலில் இடமளித்தது. 2000ஆம் ஆண்டின் திருத்தமோ, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று வரையறுத்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. பட்டறையின் கையையும் இயந்திர நுட்பமே கட்டிப்போட்டது. 2020 ஏப்ரலில் ‘பாரத் ஸ்டேஜ் 6’ விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின் செய்யப்படும் எஞ்சின்கள், கணினியின் கட்டளைக்கிணங்க ஓடுபவை. கம்பிகளும் உணர்கருவிகளும் வண்டி முழுவதும் பின்னிக் கிடக்க, எஞ்சினை மட்டும் தனியே பிரித்தெடுத்து வேறொரு வண்டியில் ஓட்டுவது சாலையோரப் பட்டறைக்கு எளிதன்று.

ஆயினும் அந்த 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டுள்ளது. பாட்டரி, இயற்கை வாயு முதலிய வேறு ஆற்றலால் வண்டி இயங்குவதற்காக, விதிகளுக்குட்பட்டு எஞ்சினில் மாற்றம் செய்யலாம் என்பதே அது. அதன்படி பழைய வண்டியின் எஞ்சினை நீக்கி மின்மோட்டாரைப் பொருத்தும் முயற்சி இன்று நடக்கிறது. அங்கும் இடையே வைக்கும் தகடு வேண்டும்; தண்டுகள் நேர்கோட்டில் அமைய வேண்டும்; பாட்டரியின் பாரத்துக்கேற்ப வில்லையும் பிரேக்கையும் சீர்செய்ய வேண்டும். ஜீப்பில் டிராக்டர் எஞ்சினைப் பூட்டியவர்கள் கற்ற பாடங்களே இவை.

நம் நாட்டுப் பட்டறைகள் பற்றாக்குறையால் இக்கலையைக் கற்றன. அக்கலையின் குற்றங்கள் தண்டிக்கப்பட வேண்டியவையே. ஆனால் குற்றத்தோடு அறிவையும் சேர்த்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாகாது. புகை விடாத வண்டி வேண்டும் என்பதும், உழைக்கும் அடிச்சட்டத்தை வீணே உருக்கக்கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று பகையான விருப்பங்கள் அல்ல. பட்டறைக்காரருக்கு முறையான பயிற்சியும், செய்த வேலையைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடும் அமையுமானால், பதிவுச் சான்றில் ஷாசி எண் அப்படியே இருக்க, ‘டீசல்’ என்ற சொல்லும் ஒருநாள் அடிக்கப்பட்டு, அதனருகே நேர்மையான கையொப்பம் ஒன்று விழும்.